நான் விழுங்கிய ஒரு ‘ட்’

அந்த ஒலிப்பதிவை என் மேலாளர் மூன்று முறை போட்டுக் காட்டினார். மூன்று முறையும் எனக்குச் சரியாகத்தான் கேட்டது. நான்காவது முறை நானே ஹெட்செட்டை வாங்கி, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. ‘வீ ஷிப்ட் இட் ஆன் மண்டே’ என்று சொன்னதாகத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பதிவில் இருந்ததோ ‘வீ ஷிப் இட் ஆன் மண்டே’. நடுவில் இருக்க வேண்டிய ‘ட்’டைக் காணோம்.

திங்கட்கிழமையே பொருளை அனுப்பிவிட்டோம் என்று சொல்ல வந்தேன். வரும் திங்கட்கிழமைதான் அனுப்புவோம் என்று அடிலெய்டில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். நாங்கள் பேசியது வியாழக்கிழமை. அவருடைய கிளினிக்கில் இயந்திரம் ஓடாமல் நின்றிருந்தது. அத்தனை நாள் காத்திருக்க முடியாது என்று உள்ளூரில் அதிக விலை கொடுத்து அதே உதிரிபாகத்தை வாங்கிவிட்டார். மறுநாள் காலை நாங்கள் அனுப்பியது போய்ச் சேர்ந்தது. அப்புறம் புகார் வந்தது.

எனக்கு வேலை கோலாலம்பூரில், பங்சார் சவுத்தில். மருத்துவக் கருவிகளுக்கான உதிரிபாகங்களை விற்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. எங்கள் குழுவுக்கு ஆஸ்திரேலியாதான். சிட்னி நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே கோடைக்காலத்தில் மூன்று மணி நேரம். அதனால் காலை ஏழு மணிக்கே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். நான் கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, ரிமூவ் என்னும் ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருந்து, இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். ஆங்கிலம் எழுதுவதில் எனக்குத் தடங்கல் இருந்ததில்லை. மின்னஞ்சலைப் படித்தவர்கள் யாரும் என்னைத் திரும்பக் கேள்வி கேட்டதில்லை. போனில் பேசினால் மட்டும் ‘சாரி?’, ‘சாரி, சே தட் அகெய்ன்?’ என்று ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வரும். ஒவ்வொரு முறையும் தொண்டை இறுகும். இறுகினால் இன்னும் வேகமாகப் பேசுவேன். வேகம் கூடினால் இன்னும் புரியாது.

புகாருக்குப் பிறகு முதலில் செய்தது தவறான காரியம். இரண்டு வார இறுதிகள், ஆயிரத்து இருநூறு வெள்ளி (ரிங்கிட்), ‘ஆக்சென்ட் டிரெயினிங்’ என்று ஒரு வகுப்பில் சேர்ந்தேன். அமெரிக்கர்போல நாக்கை மடித்து ‘ர்’ சொல்வது, ‘வாட்டர்’ என்பதை ‘வாடர்’ ஆக்குவது, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசிப்பது. நான் பேச வேண்டியது ஆஸ்திரேலியரோடு. அவர்கள் ‘கார்’ என்றால் அந்த ‘ர்’ ஒலிப்பதே இல்லை. என் குரலைப் பதிவு செய்து கேட்டு, எங்கே இடறுகிறது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. வகுப்பில் சேர நினைக்கிறவர்களுக்கு இதை ஒரு சோதனையாகச் சொல்கிறேன்: முதல் நாளே நீங்கள் பேசுவதைப் பதிவு செய்து, யாரிடம் எதற்காகப் பேசுகிறீர்கள் என்று விசாரித்து, அதிலிருந்து பாடத்தை ஆரம்பிக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

எனக்குச் சரியான ஒரு டீச்சரை அடையாளம் காட்டியது உடன் வேலை செய்யும் தோழியின் அம்மா. பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் டீச்சரின் வீடு. பிரிட்டிஷ் காலத்தில் இரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். இடைநிலைப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர், வயது எழுபது தாண்டிவிட்டது. முதல் நாள் ‘பசியாறிட்டியா?’ என்று கேட்டு, தேநீர் கொடுத்து, மக்கள் ஓசை நாளிதழை என் கையில் வைத்தார். “ஒரு பத்தி வாசி, கேப்பம்.”

தமிழைக் கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். அப்புறம் அதே நீளத்துக்கு ஓர் ஆங்கிலப் பத்தி. இரண்டையும் தன் போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினார். தமிழில் நான் இடம் பார்த்து நின்று, மூச்சு எடுத்து, முக்கியமான சொல்லைச் சற்றே தூக்கி வாசித்திருந்தேன். ஆங்கிலத்தில் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒரே ஓட்டம். “தமிழிலை எங்க நிக்கிறது எண்டு உனக்குத் தெரியுது. இங்கிலீசிலை மட்டும் ஏன் பிள்ளை ஓடுறாய்?” என்றார். கேள்விதான் என்றாலும் எனக்கு அது மருந்து. எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, கையில் இருப்பதை அங்கே கொண்டுபோனால் போதும் என்பது அன்றைக்கு விளங்கியது.

அடுத்து நான் விழுங்கிய ‘ட்’டுக்கு வந்தோம். தமிழில் வல்லின மெய் எதுவும் சொல்லின் கடைசியில் நிற்காது என்பது நாம் பள்ளியில் படித்தது. அதனால்தான் என் அப்பா காலத்தவர்கள் ‘பஸ்’ என்பதை ‘பஸ்ஸு’ என்றும் ‘கேட்’ என்பதை ‘கேட்டு’ என்றும் ஓர் உகரம் சேர்த்துச் சொன்னார்கள். என் தலைமுறை மலாயோடும் வளர்ந்தது. மலாயில் ‘டுடுக்’, ‘அனாக்’ என்ற சொற்களின் கடைசி ‘க்’ தொண்டையில் நின்றுவிடும், வெளியே வராது. நாங்கள் அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறோம். அப்பா உகரம் சேர்த்தார், நான் மெய்யை விழுங்கினேன். அப்பா சொன்னதாவது கேட்பவருக்குப் புரிந்தது. என்னுடையதில் கால வேற்றுமையே காணாமல் போனது.

“தமிழ், அமுது. சேத்துச் சொல்லு.”

“தமிழமுது.”

“ஷிப்ட், இட்?”

கொஞ்சம் யோசித்து, “ஷிப்டிட்” என்றேன்.

“இனி விழுங்கிப் பார்.”

விழுங்க முடியவில்லை. மெய்யின்மேல் உயிர் ஏறி ‘டி’ ஆகிவிட்ட பிறகு அதற்கு ஓர் உடல் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். சொற்களைத் தனித்தனியாக நிறுத்துவதில்லை, முன்சொல்லின் மெய்யைப் பின்சொல்லின் உயிரோடு கட்டிவிடுகிறார்கள். நாம் பள்ளியில் புணர்ச்சி என்று படித்ததன் இயல்புதான் இது. செக்ட் இட், செக்டிட். பிக்ட் அப், பிக்டப். கால்ட் அஸ், கால்டஸ். என் வேலையில் தினமும் வரும் இருபது தொடர்களை இப்படி எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன்.

அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் என்ன செய்வது? ‘ஷிப்ட் த வால்வ்’ என்றால் அவர்களே அந்த ‘ட்’டைப் பாதி விட்டுவிடுகிறார்கள். அதனால் அங்கே ஒலியை நம்பாதே, காலம் காட்டும் சொல்லைச் சேர் என்றார் டீச்சர். ‘லாஸ்ட் மண்டே’. அந்த ஒரு ‘லாஸ்ட்’ அன்று என் வாயில் வந்திருந்தால் புகாரே வந்திருக்காது.

உச்சரிப்புப் பயிற்சி என்றால் நாக்கை வளைப்பது என்றே நினைத்திருந்த எனக்கு, மூச்சும் பாடம் என்பது புதிதாக இருந்தது. ஒரு டிஷ்யூ தாளை என் உதட்டுக்கு முன்னால் பிடித்து, ‘பம்ப்’ என்று சொல்லச் சொன்னார். தாள் அசையவே இல்லை. அவர் சொன்னார், தாள் துள்ளி எழுந்தது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசையின் தொடக்கத்தில் ப, ட, க போன்ற ஒலிகள் வந்தால் கூடவே ஒரு சின்ன மூச்சு வெடித்து வரும். தமிழ் ப-விலும் மலாய் ப-விலும் அந்த மூச்சு இல்லை. பொட்டலம் கட்டுவதைக் குறிக்கும் ‘பேக்’கை மூச்சில்லாமல் சொன்னால், கேட்கும் ஆங்கிலேயரின் காது அதைப் பையைக் குறிக்கும் ‘பேக்’ என்றோ முதுகைக் குறிக்கும் ‘பேக்’ என்றோ எடுத்துக்கொள்ளலாம். நான் ‘பே’ என்று பணம் கட்டுவதைச் சொல்லும்போது, பொருள் இறக்கும் ‘பே’யா என்று ஒருவர் திருப்பிக் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ஸ்பின்’, ‘ஸ்டாப்’, ‘ஸ்கிப்’ போல ‘ஸ்’ முன்னால் வந்தால் அந்த மூச்சு வராது. அங்கே இருப்பது நம்முடைய ப, க மாதிரியேதான். அதனால் ‘பின்’ சொல்லி, ‘ஸ்பின்’ சொல்லி, முதலாவதற்குத் தாள் ஆட வேண்டும், இரண்டாவதற்கு ஆடக்கூடாது. தினமும் காலையில் ஐந்து நிமிடம். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. இத்தனை குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தந்த பயிற்சி வேறில்லை.

டகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. ஆங்கிலத்தின் ‘டீ’ எழுத்தை நாம் ட என்று எழுதுகிறோம், நாக்கை மடித்து மேல் அண்ணத்தில் தொட்டு அப்படியே சொல்கிறோம். ஆங்கிலேயர் நாக்கை மடிப்பதில்லை, நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் உள்ள பல் ஈறில், பல்லைத் தொடாமல் சற்று மேலே வைக்கிறார்கள். அந்த இடம் தமிழில் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. டீச்சர் ‘பற்று’ என்றார். நம்மைப்போல ‘பட்ரு’ என்று வரவில்லை. இரண்டு ற-வும் ஒன்றாகச் சேர்ந்து, ஏறக்குறைய ஆங்கில ‘டீ’யாகவே ஒலித்தது. யாழ்ப்பாணத்தார் டொரொன்டோ நகரை ஏன் ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவர்கள் காதில் விழுந்த ஒலிக்கு அவர்கள் தமிழில் எழுத்து இருந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: ‘மான்’ என்று சொல்லி, கடைசி ‘ன்’னை இழுத்துப் பிடியுங்கள். நாக்கு நுனி எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கிருந்தே ‘டென்’, ‘டாப்’, ‘டைம்’ சொல்லுங்கள். தொல்காப்பியம் பிறப்பியலில் ற-வையும் ன-வையும் ஒரே இடத்தில் பிறப்பவையாக வைத்திருப்பதை டீச்சர் எடுத்துக் காட்டினார். என் வாய்க்கு முன்பே அந்த இடம் தெரியும் என்ற எண்ணம் எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லி முடியாது. ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், புரிதலுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. மடித்த ‘ட’ கேட்டால் இந்தியச் சாயல் தெரியும், பொருள் கெடாது. நேரம் குறைவாக இருக்கிறவர்கள் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொருள் கெடுவது அழுத்தத்தில். தமிழில் குறில், நெடில் என்று ஒலியளவு எழுத்திலேயே இருக்கிறது, எல்லா அசைக்கும் ஏறக்குறைய நியாயமாக இடம் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசைதான் ராஜா. அது நீளும், உயரும், மற்றவை சுருங்கும். ‘எக்விப்மென்ட்’ என்பதில் ‘குவிப்’ மேலே ஏற வேண்டும். ‘இண்டஸ்ட்ரி’யில் முதல் அசை. ‘டெலிவரி’யில் இரண்டாவது. ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லாக இருந்தால் முதல் அசை, வினைச்சொல்லாக இருந்தால் இரண்டாவது. அகராதியில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு போட்டிருப்பார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். என் வேலையில் புழங்கும் நாற்பது சொற்களைத் தேர்ந்தெடுத்து, ஏறும் அசைக்கு மட்டும் சிவப்பு மை போட்டேன். ஆங்கிலம் முழுவதையும் திருத்த நாள் போதாது, நாற்பது சொல்லுக்குப் போதும்.

ராஜாவை ஏற்றுவது எனக்கு எளிதாக வந்தது. மற்ற அசைகளைச் சுருக்குவதுதான் வரவில்லை. ‘கஸ்டமர்’ என்றால் மூன்று அசையையும் முழுதாக வாசித்தேன். டீச்சர் மறுபடி தமிழுக்குப் போனார். ‘பசு’ சொல், ‘பாட்டு’ சொல். பசுவின் உகரம் இதழ் குவிந்து முழுதாக வருகிறது. பாட்டின் உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரை, இதழ்கூடச் சரியாகக் குவிவதில்லை. “அந்தச் சோம்பல் உகரம் இருக்கே, ‘கஸ்டமர்’ கடைசியில அவ்வளவுதான் வேணும்.” இரண்டு மொழியின் ஒலியும் ஒன்றல்ல, ஆனால் சுருக்கும் பழக்கம் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்ட பிறகு என் ஆங்கிலத்துக்குத் தாளம் வந்தது.

எண்கள் தனித் தொல்லை. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் நம் வாயில் ஒன்றுபோல் வந்துவிடும், கடைசி ‘ன்’னை விழுங்கினால் வேற்றுமையே இருக்காது. பதினைந்துக்கு ‘டீன்’ நீள வேண்டும், ஐம்பதுக்கு முதல் அசை ஏற வேண்டும் என்பது விதி. ஆனால் ‘ஃபிஃப்டீன் பாக்ஸஸ்’ என்று அடுத்த சொல்லோடு சேரும்போது ஆங்கிலேயர் வாயிலும் அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடும். ஆகவே விதியை மட்டும் நம்பாமல் ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இரண்டாகச் சொல்லிவிடுங்கள். எழுத்துகளுக்கு ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள். 1956 முதல் விமானிகள் பயன்படுத்தும் பட்டியல் அது. ஆங்கிலேய விமானிக்கே அது தேவைப்படுகிறது என்றால் நாம் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘வி’ எழுத்துக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், ‘டபிள்யூ’வுக்குத் தொடக்கூடாது, உதடு குவிய வேண்டும். ஃப-வுக்கும் பல் உதட்டைத் தொட வேண்டும். ‘என்ஜின்’ என்பதை ‘யென்ஜின்’ என்றும் ‘ஓன்லி’ என்பதை ‘வோன்லி’ என்றும் தொடங்காதீர்கள். ‘திரீ’யை ‘ட்ரீ’ ஆக்கிவிடாதீர்கள், நம் தகரமே ஏறக்குறைய போதும்.

காதுக்கும் பயிற்சி வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். ஆஸ்திரேலியர் ‘டுடே’ என்பது முதலில் எனக்கு ‘டுடை’ என்றே விழும். அவர்கள் சொன்னதை நான் தவறாகக் கேட்டு, அந்தத் தடுமாற்றத்தில் என் பேச்சும் குழம்பும். கே.எல். சென்ட்ரலிலிருந்து கெரிஞ்சி வரை எல்.ஆர்.டி. இரயிலில் மூன்றாவது நிறுத்தம். போகும் அந்தச் சில நிமிடமும் ஆஸ்திரேலிய ஏபிசி வானொலியின் செய்தித் துண்டு ஒன்றைக் காதில் போட்டு, முகக்கவசத்துக்குள் சத்தமில்லாமல் வாயசைப்பேன். ஒரு வாரம் முழுக்க அதே இரண்டு நிமிடத் துண்டுதான். புதிது புதிதாகக் கேட்பதைவிட, ஒன்றையே, செய்தி வாசிப்பவர் மூச்சு எடுக்கும் இடம் வரை தெரிந்துகொள்வது எனக்குப் பலித்தது. வெள்ளிக்கிழமை அதை உரக்கச் சொல்லிப் பதிவு செய்து டீச்சருக்கு அனுப்புவேன்.

ஒரு நாள் மனம் சலித்து, “எனக்கு எப்போ டீச்சர் ஆக்சென்ட் போகும்?” என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். “ஏன் போகோணும்?” என்றார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். கனடாவில் மரே மன்றோ, டிரேசி டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வு அது. சீன மொழி பேசுபவர்களின் ஆங்கிலத்தை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைக் கேட்க வைத்து, கேட்டதை அப்படியே எழுதச் சொன்னார்கள், சாயல் எவ்வளவு என்று மதிப்பிடவும் சொன்னார்கள். சாயல் மிக அதிகம் என்று மதிப்பிட்ட பேச்சையே ஒரு சொல் பிசகாமல் எழுதிய சந்தர்ப்பங்கள் நிறைய இருந்தன. சாயல் வேறு, புரிதல் வேறு. பன்னாட்டு விமானிகளுக்கு விதித்திருக்கும் ஆங்கிலத் தேர்வில் ஆறு நிலைகள் உண்டு, நான்காம் நிலை போதுமானது. அந்த நான்காம் நிலையில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம் என்றே எழுதியிருக்கிறது, அது எப்போதாவதுதான் புரிதலைத் தடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து போகிறவருக்கே அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

அன்றிலிருந்து நான் வேறு கணக்கு வைக்க ஆரம்பித்தேன். ‘சாரி?’ என்று எத்தனை முறை கேட்டார்கள், எந்தச் சொல்லில் கேட்டார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் குறிப்பது. முதல் வாரம் நாளுக்குப் பத்து, பதினொன்று. நான்கு மாதம் கழித்து இரண்டு, மூன்று. குரல் மாறவில்லை, போனை எடுத்ததும் ‘ஆர் யூ ஃப்ரம் இந்தியா?’ என்று கேட்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள், ‘மலேசியா’ என்கிறேன். தொண்டை இறுகுவதில்லை. வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒரு வகுப்புக்கு ஐம்பது வெள்ளி. பணத்தைவிட அந்தத் தினசரிக் கால் மணி நேரம்தான் பெரிய செலவு. இடையில் தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் விட்டதில் ‘ட்’ மறுபடி தொண்டைக்குள் போய்விட்டது. திரும்ப வர ஒரு வாரம் பிடித்தது.

வீட்டில் மட்டும் எதையும் திருத்திக்கொள்ளவில்லை. அப்பா ‘கேட்டு பூட்டியாச்சா?’ என்று கேட்டால், ‘கேட்டு பூட்டியாச்சுப்பா’ என்றுதான் சொல்கிறேன்.

போன மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பையன் எங்கள் குழுவில் சேர்ந்திருக்கிறான். நம்மைப்போலத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை. இரண்டாவது நாளே ஓர் அழைப்பை முடித்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. “அக்கா, எனக்கும் ஆக்சென்ட் மாத்தணுமா?” என்று கேட்டான். இடைவேளையில் மாடிப்படிக்கு அழைத்துப்போனேன். பையில் எப்போதும் இருக்கும் டிஷ்யூவை எடுத்து வைத்துவிட்டு, முதலில் மக்கள் ஓசையில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன்.